ஆருக்குக் காட்டுகிறோம்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 26, ஊர் நிலாவெளிப் பக்கம். இரண்டு வருடமாக யூடியூபில் சனல் நடத்தி 61 வீடியோ போட்டிருக்கிறீர்கள். அதிகம் ஓடியது, திருகோணமலை நகரத்துப் புள்ளிமான் ஒன்று தேத்தண்ணிக் கடைக்குள் தலையை நீட்டி வடைத் தட்டை முகர்ந்து பார்க்கும் 27 விநாடித் துண்டு. அதை 1,80,000 பேர் பார்த்தார்கள். மூன்று கிழமை மினக்கெட்டு நீங்கள் எடுத்தது உங்கள் அம்மப்பாவின் வீடியோ. கரைவலை இழுத்த காலத்தில் மீனவர்கள் சேர்ந்து பாடிய அம்பாப் பாடல்களை அவர் நினைத்து நினைத்துப் பாடுகிறார், 14 நிமிடம். அதைப் பார்த்தவர்கள் 212 பேர். அன்றிலிருந்து மானைத் தேடிக் கோட்டைப் பக்கம் அலைவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் அம்மா "உது ஆருக்கடா காட்டுறாய்?" என்று கேட்டபோது வாயில் பதில் வரவில்லை. "மனுசர் ஏன் இப்படி எழுதியும் படம் பிடித்தும் இணையத்தில் போடுகிறார்கள், எனக்கு இருப்பது புகழ்ப் பைத்தியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி இரண்டு. ஆனால் எனக்குக் கேட்பது மூன்றாவது ஒன்று: அந்த 212 என்ற எண்ணைப் பார்த்து வந்த மனவருத்தத்தை என்ன செய்வது? அதற்கும் வருகிறேன். இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் கேட்பது "ஏன்" என்று. அம்மா கேட்டது "ஆருக்கு" என்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் அம்மாவுடைய கேள்விதான் கெட்டிக்காரக் கேள்வி.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு உளவளத்துணையில் பயிற்சி எடுத்து, இந்த மாவட்டத்தில் பல வருடம் அந்த வேலை பார்த்தவள். 2006 முதல் புனைபெயரில் வலைப்பூ எழுதினேன். இப்போது சனிக்கிழமைகளில் இளம் பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பந்தி எழுத்தையும் இரண்டு வீடியோவையும் வைத்துக்கொண்டு உங்கள் மனதுக்குள் இருப்பது இதுதான் என்று அடித்துச் சொல்ல நான் சாத்திரக்காரி இல்லை. எது ஆய்வில் கண்டது, எது என் அனுபவம், எது வெறும் ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

"ஏன்" என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். 2004இல் போனி நார்டியும் அவருடைய சகாக்களும் 23 வலைப்பதிவர்களோடு உட்கார்ந்து பேசி ஐந்து உந்துதல்களை எழுதினார்கள்: நடந்ததைப் பதிந்து வைப்பது, கருத்துச் சொல்வது, மனதில் கிடப்பதைக் கொட்டுவது, எழுதிப் பார்த்தே யோசிப்பது, ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருப்பது. 2006இல் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்க வலைப்பதிவர்களைக் கேட்டபோது 52 சதவீதம் பேர் தாங்கள் பெரும்பாலும் தங்களுக்காகவே எழுதுவதாகச் சொன்னார்கள். பணம் ஒரு முக்கிய காரணம் என்றவர்கள் 7 சதவீதம். இவை அமெரிக்கர்களிடம் கேட்டவை, யூடியூபில் காசு பார்க்கலாம் என்பதே இல்லாத காலத்தவை. அதை அப்படியே தூக்கி நிலாவெளிக் கடற்கரையில் வைக்க முடியாது.

அந்த ஐந்தில் புகழ் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நேருக்கு நேர் இருந்து "ஏன் எழுதுகிறீர்கள்" என்று கேட்டால் "நாலு பேர் என்னைக் கவனிக்க வேண்டும்" என்று யார்தான் சொல்வார்கள்? "எனக்காகவே எழுதுகிறேன்" என்பவரும் கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டலாமே! அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மனம் செய்கிற வேலை அது. 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமத்தி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடையொன்றில் நான்கு சோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்துபோனவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் வலது ஓரத்துச் சோடியை எடுத்தவர்கள் இடது ஓரத்துச் சோடியை எடுத்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஏன் என்று கேட்டால் நெசவு, மென்மை என்று சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது ஏறத்தாழ எல்லாரும் மறுத்தார்கள், சிலர் கேட்டவரையே ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நம்முடைய "ஏன்" பெரும்பாலும் இப்படித்தான், நடந்ததற்குப் பிறகு பொருத்தமாகக் கட்டிக்கொள்ளும் கதை.

"ஆருக்கு" அப்படியில்லை. அது நீங்கள் செய்த பொருளிலேயே தடம் விட்டுப் போகும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, சொந்தமாகத் தலையில் குட்டுப்பட்டுத்தான் கற்றேன்.

2006இல் நான் எழுதத் தொடங்கியபோது வீட்டில் இணையம் கிடையாது. பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணி, பென்டிரைவில் ஏற்றி, நகரத்து நெட் கபேக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே யூனிகோட்டுக்கு மாற்றி, உடைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, பிறகுதான் வலைப்பூவில் ஒட்டலாம். அந்த வருடம் இங்கே நிலைமை எப்படி இருந்தது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாவிலாறு, மூதூர் என்று சண்டை தொடங்கியிருந்தது. எந்த நேரம் வீதியை மூடுவார்கள் என்று தெரியாது. நான் எழுதியதோ கூனிச் சம்பலையும் பின்வளவு மாமரத்தையும் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கடைகளையும். யாராவது கேட்டால் "எங்கட சனத்தின்ர வாழ்க்கையை உலகம் அறிய வேணும்" என்பேன். அதை மனதார நம்பினேன். பதிவுக்கு ஒரு நாளில் பதினொரு பேர் வருவார்கள், அதில் மூன்று நான். வலைப்பூக்களைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் மேலே வந்தால் ஐம்பதைத் தொடும், அன்று எனக்குச் சோறு இறங்காது.

சண்டை முடிந்து, 2010இல் கனடாவிலிருந்து அக்கா வந்தாள். ஏழு கிழமை எங்களோடு நின்றாள். அந்த ஏழு கிழமையில் நான் ஒரு வரி எழுதவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன மூன்றாம் நாள் இரவு தானாகவே கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்து பழைய பதிவுகளைப் புரட்டினேன். "பின்வளவு மாமரம் தெரியும்தானே", "அந்தக் கிணற்றடிக் கல் இப்ப ஆடுது", "மாமி வழக்கம்போல" என்று பக்கத்துக்குப் பக்கம். எந்த மாமரம், எந்த மாமி? ஒரு விளக்கமும் இல்லை. உலகத்துக்கு எழுதுகிறவள் "தெரியும்தானே" என்று எழுதுவாளா? நாலு வருடமாக நான் ஒரே ஒருத்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தவர்கள்.

இதைச் சொன்ன பிறகு உங்கள் இரண்டு வீடியோவுக்கும் வருகிறேன். நீங்கள் தந்த இணைப்பில் இரண்டையும் பார்த்தேன். மான் வீடியோவில் உங்கள் குரல் "வணக்கம் நண்பர்களே, கடைசி வரைக்கும் பாருங்க, மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க" என்கிறது. அது சென்னைத் தமிழ். நிலாவெளியில் பிறந்த பிள்ளை ஒரு மானைக் காட்டும்போது ஏன் சென்னைக்காரராகிறார்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய கூட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். அந்தக் கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று உங்கள் நாக்கு முடிவெடுத்துவிட்டது. அம்மப்பாவின் வீடியோவில் அதே குரல் "உதுக்குப் பிறகு என்ன வரும் அம்மப்பா?" என்று கேட்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் அவர் ஒரு அடியை மறந்து தடுமாறுகிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அந்த அடியை எடுத்துக் கொடுக்கிறது. அதை நீங்கள் வெட்டவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் என்றால் முதலில் வெட்டுவது அதைத்தான், கமராவுக்கு வெளியே இருந்து வரும் சத்தம் என்று. நீங்கள் விட்டிருக்கிறீர்கள். யார் கேட்பதற்காக விட்டீர்கள்?

ஆக, ஒரே ஆள் இரண்டு பேருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதில் பிழை எதுவும் இல்லை. ஒருவருக்காக எடுத்த வீடியோவை மற்றவருக்காக எடுத்த வீடியோவின் எண்ணால் அளக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இனி அந்த எண். 2005 ஏப்ரல் 23இல் யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 19 விநாடி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றின் தும்பிக்கை நல்ல நீளம் என்கிறார். அவ்வளவுதான். ஆகவே 27 விநாடி மானுக்காக வெட்கப்படத் தேவையில்லை, குலவழக்கமே அதுதான். ஆனால் அதற்குப் பிறகு மானைத் தேடி அலைவது வேறு கதை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஓர் உயிரை விடாமல் முயல வைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்ப உறுதியானது. உங்கள் அம்மப்பாவுக்கு ஸ்கின்னர் தேவையில்லை. பத்து நாள் வலையில் சாதாளை, பதினோராம் நாள் மடி நிறையக் கீரி மீன். அந்தப் பதினோராம் நாள்தான் மற்றப் பத்து நாளும் கயிற்றைப் பிடிக்க வைக்கிறது. யூடியூபில் எந்த வீடியோ ஓடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே அதன் பிடி.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். காலுறை வைத்த அதே நிஸ்பெட் 1973இல் லெப்பர், கிரீன் இருவரோடும் சேர்ந்து செய்தது. வண்ணப் பேனாவால் வரைய ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை. பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்தால், சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் ஏறத்தாழப் பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்ததாக மாறிவிட்டது. இதை இழுத்து "பரிசு எப்போதும் கெடுக்கும்" என்று சொல்லிவிடக் கூடாது. உளவியலாளர்களுக்குள்ளேயே இதைப் பற்றி 1990களில் பெரிய சண்டை நடந்தது. 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருட்பரிசு உள்ளார்ந்த ஆசையைக் குறைக்கிறது, வாய்ப்பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை என்றார்கள். வியூஸ் என்ற எண் பொருளா பாராட்டா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்பது என் ஊகம். "அம்மப்பாவின்ர குரல் என்ர அப்பாவை நினைக்கப் பண்ணுது" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தாரே, அது பாராட்டு. 1,80,000 என்பது சான்றிதழுக்குக் கிட்ட.

சரி, காசு. அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வகுப்புக்கு வருகிற பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் வாய் திறந்ததும் கேட்பது அதைத்தான். அதில் எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டிய நாட்டில், டொலரில் வரும் வருமானம் என்றால் யாருக்குத்தான் காது நீளாது? ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். விளம்பரப் பங்கு கிடைக்க ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வை நேரம், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் என்ற குறுவீடியோக்களுக்கு ஒரு கோடி வியூஸ். ஷோர்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4,000இல் சேராது. ஆகவே உங்கள் மான் அந்த ஒரு கோடியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை, மணித்தியாலக் கணக்கில் பூச்சியம். அம்மப்பாவின் வீடியோவை 212 பேரும் பாதி வரை பார்த்தார்கள் என்று வையுங்கள், ஆளுக்கு 7 நிமிடம். 1,484 நிமிடம், கிட்டத்தட்ட 25 மணித்தியாலம். யூடியூப் போடுகிற கணக்கின்படியே கிழவர் மானை வென்றுவிட்டார்! 4,000க்கு அது எங்கே காணும் என்பது உண்மைதான். இதைக் காசுக்கு வழி என்று சொல்ல வரவில்லை. எந்த எண்ணைப் பார்த்து மனம் உடைகிறோம் என்பதிலும் நமக்குத் தெரிவு உண்டு.

காசும் பாசமும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை நம் பக்கத்து ஆட்கள்தான் சரியாக விளங்கிக்கொள்வார்கள். நமது பார்வையாளர்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி, கிண்ணியாப் பாலம், இராவணன் வெட்டு என்று எதைக் காட்டினாலும் கீழே ஒருவர் "அந்தச் சந்தியில இருந்த வேப்பமரம் நிக்குதா?" என்று கேட்பார். என் மாணவன் ஒருவனிடம் ஒரு அம்மா, இடம்பெயர்ந்துபோன தன் வளவுக் கிணற்றை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டார். பற்றை வெட்டிக் கிணற்றைக் கண்டுபிடித்து, எட்டிப் பார்த்து, தண்ணீர் மின்னுவதை இரண்டு நிமிடம் எடுத்து அனுப்பினான். அதை அவன் சனலில் போடவே இல்லை. பகிர்வதற்கு இதைவிட நல்ல காரணம் நான் இன்னும் காணவில்லை.

ஆனால் அதே இடத்தில்தான் அழுகலும் தொடங்குகிறது. கனடாவிலிருந்து பார்ப்பவருக்கு ஓடும் விளம்பரம் இங்கே பார்ப்பவருக்கு ஓடுவதைவிடப் பல மடங்கு காசு தரும். அதனால் ஏக்கம் விலைபோகும் என்று சனல் நடத்துபவர்கள் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். அப்புறம் வருகிறது உதவி வீடியோ. ஓலைக் குடிசை, நோயாளித் தாய், அழும் பிள்ளை, கையில் ஒரு பொதி, பின்னால் சோக இசை. உதவி உண்மையாகவே போய்ச் சேர்ந்த வீடுகளை நான் அறிவேன். கூரை போட்டுக் கொடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்து என் முன்னால் உட்கார்ந்திருந்ததையும் கண்டிருக்கிறேன், வகுப்பில் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதம் இல்லை. இதில் நான் நடுநிலை இல்லை, முகத்தைக் காட்டாமல் உதவ முடியாதவர் வேறு வேலை பார்க்கட்டும். "என் நோக்கம் நல்லது" என்று அவர்கள் சொல்வது பொய் என்றும் நினைக்கவில்லை. "ஏன்" என்று கேட்டால் நல்ல பதில்தான் வரும். "ஆருக்குக் காட்டுறாய்" என்று கேட்டால் பதில் அந்தத் தாய் இல்லை, அந்தப் பிள்ளை இல்லை.

கொட்டித் தீர்ப்பது பற்றியும் ஒரு சொல். மனதில் இருப்பதை எழுதிவிட்டால் ஆறும் என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஆதாரம் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகள், நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைக் குடையும் ஒன்றைப் பற்றி எழுதுவது. பிறகு வந்த தொகுப்பாய்வுகளில் பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. முக்கியமானது, அந்த ஆட்கள் ஊருக்குக் காட்ட எழுதவில்லை, கீழே யாரும் கொமென்ட் போடவில்லை. இரவு ஒரு மணிக்கு அழுதபடி நேரலை போவது அதே பலனைத் தரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் காயம் ஆறின பிறகு எழுதியவர்கள் பலன் கண்டார்கள். பச்சைப் புண்ணோடு போட்டவர்களில் பலர் காலையில் அழித்தார்கள், அதற்குள் நாலு பேர் சேமித்துவிட்டார்கள்.

புகழ்ப் பைத்தியமா என்று கேட்டீர்கள். தன்னைப் பெரிதாக எண்ணும் குணத்துக்கும் சமூக ஊடகத்தில் அதிகம் இயங்குவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. தொடர்பு உண்டு, ஆனால் மெல்லியது, எது காரணம் எது விளைவு என்றும் அதில் பிரிக்க முடியாது. ஆகவே "சனல் வைத்திருக்கிறார், எனவே தற்பெருமைக்காரர்" என்பது வீட்டுத் திண்ணைப் பேச்சு, ஆய்வு இல்லை. நாலு பேர் நம்மைக் காண வேண்டும் என்ற ஆசை கூத்துக்காரனுக்கும் உண்டு, மேடைப் பேச்சாளருக்கும் உண்டு, தேர்த் திருவிழாவுக்குப் புதுச்சீலை உடுத்துகிற எனக்கும் உண்டு. அதற்கு நோயின் பெயர் வைக்கத் தேவையில்லை. நான் கவலைப்படுவது வேறு சில அறிகுறிகளுக்கு. காலையில் கண் திறந்ததும் எண்ணைப் பார்த்து அன்றைய நாளின் நிறம் மாறுவது. ஓடாத வீடியோவில் இருந்த மனிதர் மீதே எரிச்சல் வருவது. மானுக்கு வடையைக் காட்டிக் கடைக்குள் இழுக்கலாமா என்று யோசிப்பது. நித்திரை குறைவது. இதில் இரண்டாவது உங்களுக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வந்திருந்தால் ஒரு மாதம் சனலை மூடிவிட்டு யாரோடாவது ஆறுதலாகப் பேசுங்கள். வரவில்லை என்றுதான் உங்கள் எழுத்தை வாசிக்கும்போது தோன்றியது, ஆனால் எழுத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அந்த 212க்குக் கடைசியாக வருகிறேன். இப்போது பல இடங்களில் கரைவலையை உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். அம்பா என்பது பத்திருபது பேர் ஒரே மூச்சில் கயிற்றை இழுக்க வேண்டியிருந்ததால் வந்த பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி, அந்தத் தாளத்துக்குக் கால் பின்வைப்பார்கள். இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை, எனவே பாட்டுக்கும் வேலை போய்விட்டது. இதைக் கேட்கப்போகிறவர்களில் சிலர் இன்னும் பிறக்கவில்லை, அவர்களை இன்றைய எண்ணுக்குள் எப்படிச் சேர்ப்பது? வீடியோவின் கீழே அம்மப்பாவின் பெயர், ஊர், எடுத்த திகதி, எந்தப் பாட்டு எந்த வேலைக்கு, எந்த நிமிடத்தில் என்று எழுதுங்கள். வெட்டாத மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது. அவர்களோடும் தொடர்புகொள்ளலாம். யூடியூப் கணக்கு ஒருநாள் பூட்டுப்பட்டால் அந்தக் குரல் அதோடு போய்விடக் கூடாது.

ஒன்பதாவது நிமிடத்தில் அடி எடுத்துக் கொடுத்த குரல் அம்மாவுடையது என்று நினைக்கிறேன். மாமியாக இருந்தால் மன்னியுங்கள். அம்மா என்றால், அவருக்கு அம்மப்பாவைவிட வரிகள் நினைவில் நிற்கின்றன, அது தெளிவு. அடுத்த பதிவில் நீங்கள் கேள்வி கேட்காதீர்கள், அவரை அம்மப்பாவுக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்க விடுங்கள். நீங்கள் கமராவைப் பிடித்தால் போதும். முற்றத்தில் எடுப்பதென்றால் விடியப்புறமே தொடங்கிவிடுங்கள். கச்சான் காற்றுக் கிளம்பிய பிறகு மைக்குக்குள் காற்று இரைந்துகொண்டே இருக்கும், முதல் வீடியோவின் கடைசி மூன்று நிமிடம் அப்படித்தான் கெட்டிருக்கிறது. மைக்குக்கு ஒரு ஸ்பொஞ்ச் உறை வாங்கிப் போடுங்கள், பெரிய காசில்லை.